தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இசைச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி (இரண்டாம் வகுப்பு ஆசிரியை): வணக்கம் அம்மா. சுருதி, லயம், ராகம் என்று கரும்பலகையில் விளக்கம் எழுதிப் போட்டால் குழந்தைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் பாடலைக் கேட்டு எதையும் அடையாளம் சொல்லத் தெரியவில்லை. எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது?

பதில்: விளக்கங்களைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். ஒலியில் உள்ள வேறுபாட்டைக் காது உணர்ந்த பிறகே அதற்குரிய பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்தில் மூன்று இணைகள் போதும்: உரத்த ஒலியும் மென்மையான ஒலியும், மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் (ஒலியின் உயர்வும் தாழ்வும்), விரைவும் நிதானமும்.

இவை ஒன்றோடொன்று எளிதில் குழம்பும். "மேலே பாடு" என்றால் குழந்தைகள் கத்துவார்கள். "மெதுவாகப் பாடு" என்றால் சிலர் குரலைத் தணிப்பார்கள், சிலர் வேகத்தைக் குறைப்பார்கள். நம் பேச்சில் அந்தச் சொல் இரண்டுக்கும் வழங்குவதால் அவர்கள் மேல் குற்றமில்லை. எனவே ஆசிரியர் ஒலியளவுக்கு "உரக்க, மென்மையாக" என்றும், வேகத்துக்கு "விரைவாக, நிதானமாக" என்றும் பிரித்தே சொல்லிப் பழக வேண்டும். பிறகு மத்திய (நடு) ஸ்தாயி சட்ஜத்தை, அதாவது ஏழு ஸ்வரங்களில் முதலாவதான "ஸ"வை, உரக்கவும், தார (மேல்) ஸ்தாயி சட்ஜத்தை மிக மென்மையாகவும் பாடிக் காட்டி, எது மேல் ஸ்தாயி, எது உரத்தது என்று தனித்தனியே கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லும் குழந்தைக்கு ஸ்தாயி என்னும் சொல் மறக்காது.

கேள்வி (மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்): தாளம், காலம், லயம் ஆகிய மூன்றும் ஒன்றுதானா? மகள் கேட்கும்போது எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பதில்: மூன்றும் வேறு. ஆதி தாளத்தைப் போட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும். வலக்கையால் தொடையில் ஒரு தட்டு, அடுத்துச் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என மூன்று எண்ணிக்கை. இது நான்கு அட்சரங்கள் (தாள எண்ணிக்கைகள்) கொண்ட லகு என்னும் தாள உறுப்பு. அதன்பின் ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்த துருதம் இரண்டு முறை வரும். ஆக 8 அட்சரங்களில் ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிந்து மீண்டும் தொடங்குகிறது. இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் அமைப்பே தாளம்.

இப்போது தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையின் முதல் வரிசையைப் பாடச் சொல்லுங்கள். ஓர் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்றால் முதல் காலம், இரண்டு ஸ்வரங்கள் என்றால் இரண்டாம் காலம், நான்கு என்றால் மூன்றாம் காலம். கையின் வேகம் மாறாமல் ஸ்வரங்கள் மட்டும் அடர்த்தியாகின்றன. ஸ்வரங்கள் விரையும்போது கையும் கூடவே ஓடத்தான் பார்க்கும். அதை ஓடவிடாமல் சீராகக் காப்பது லயம். மூன்றாம் காலத்தை அவசரமாகக் கற்பிப்பதை விட, முதல் இரண்டு காலங்களில் கை நிலைத்து நிற்பதே இந்த வயதில் முக்கியம்.

கேள்வி (தந்தை ஒருவர்): ஸ ரி க ம ப த நி என்பவற்றின் முழுப்பெயர்களும் பழந்தமிழ்ப் பெயர்களும் என்ன?

பதில்: சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். பழந்தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அறிமுகப்படுத்தினால் போதும்.

கேள்வி (தொடக்கப் பள்ளி ஆசிரியர்): நான் 1 கட்டையில் பாடுகிறேன். குழந்தைகளால் சேர்ந்து பாட முடியவில்லை. கட்டை என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில்: ஹார்மோனியத்தைக் காட்டுங்கள். வெள்ளைக் கட்டைகள் 1 முதல் 7 வரை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். எந்தக் கட்டையைச் சட்ஜமாகக் கொள்கிறோமோ, அதுவே அன்றைய சுருதி. உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியைக் குழந்தைகள் மீது சுமத்த வேண்டாம். பல குழந்தைகளுக்கு 5 கட்டையை ஒட்டிய சுருதி இயல்பாக அமையும். அங்கே தொடங்கி, தொண்டை நரம்பு புடைக்காமல் தார ஸ்தாயி சட்ஜம் வரை எட்டுகிறதா என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கேள்வி (தாய் ஒருவர்): வீட்டில் இசைக்கருவி ஏதும் இல்லை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி (உலோகக் கருவி) என்பவற்றைப் படங்களால் மட்டுமே கற்பிக்க முடியுமா?

பதில்: படம் ஒலிக்காது என்பதால் நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். ஒரே அளவான பீங்கான் கிண்ணங்கள் நான்கில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பால் விளிம்பை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். நீர் கூடக் கூட ஒலி கீழிறங்கும்; ஜலதரங்கம் இப்படித்தான் இசைக்கப்படுகிறது. அடுத்து, வாய் குறுகிய பாட்டிலின் விளிம்பில் ஊதச் சொல்லுங்கள். அங்கே நீர் கூடினால் ஒலி மேலேறும், ஏனெனில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று. நீர் ஏற ஏறக் காற்றுக்குரிய இடம் சுருங்குகிறது. தட்டும்போது கிண்ணம் அதிர்கிறது, ஊதும்போது காற்று அதிர்கிறது என்று குழந்தை கண்டுகொண்ட பிறகு, மிருதங்கம், புல்லாங்குழல், வீணை, ஜால்ரா ஆகியவற்றின் படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எது அதிர்கிறது என்று கேளுங்கள்.