டி.சி.பி.ன்னா என்னண்ணே? மருந்துப் பெட்டி கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, லண்டன்லருந்து வந்த மாமா காயத்துக்குப் போடுற மருந்துன்னு ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போயிட்டாரு, மேல டி.சி.பி.ன்னு மூணு எழுத்துதான் பெருசா இருக்கு, அப்படின்னா என்ன? (திருமங்கலம்)

பதில்: ட்ரைகுளோரோஃபீனைல்மெத்தில்அயோடோசாலிசில். மூச்சு வாங்குதுல்ல, அதான் சுருக்கிட்டாங்க. 1918ல இங்கிலாந்துல கடைக்கு வந்த சரக்கு. கூத்து என்னன்னா அந்த நீளப் பேருல இருக்குற ஐட்டம் இப்ப பாட்டில்லயே கிடையாது, 1950கள்லயே அதத் தூக்கிட்டு ஃபீனால்ங்கிற கிருமிநாசினியும் அதோட பங்காளிகளும் போட்டுட்டாங்க, பேரு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. லேபிளப் பின்னாடி திருப்புங்க, பொடி எழுத்துல ஃபீனால் 0.175%, ஹாலோஜனேட்டட் ஃபீனால்கள் (அந்தப் பங்காளிங்கதான்) 0.68%ன்னு இருக்கும். மூடியத் தொறந்ததுமே நம்ம பெரியாஸ்பத்திரி வராண்டா மாதிரி குப்புன்னு அடிக்குமே, அது இந்த ஃபீனால் வேலைதான். பழைய பேரு கார்பாலிக் ஆசிட். 1865ல கிளாஸ்கோவுல வண்டிச் சக்கரம் ஏறி கால் எலும்பு முறிஞ்ச ஒரு சின்னப் பையனுக்கு ஜோசப் லிஸ்டர்ங்கிற சர்ஜன் இதத்தான் துணியில நனைச்சுக் கட்டுனாரு, சீழ் பிடிக்காம கால் தப்பிச்சுச்சு, அந்தக் காலத்துல அப்படிப்பட்ட கால வெட்டித்தான் எடுப்பாங்க.

கேள்வி: கெமிஸ்ட்ரி படிக்கிற எம்பொண்ணு டி.சி.பி.ன்னா ட்ரைகுளோரோஃபீனால்ங்குறா சார். (மேலூர்)

பதில்: அவ புக்குல அது சரிதான்மா, ஆனா இந்த பாட்டில் பேரு அதுலருந்து வரல. கம்ப்யூட்டர் நெட்வொர்க்குல சொல்ற டி.சி.பி.யும் வேற.

கேள்வி: டெட்டால்ல தண்ணி ஊத்துனா பால் மாதிரி ஆகுது, கெட்டுப்போச்சா? (செல்லூர்)

பதில்: அட இல்லக்கா, அப்படித்தான் ஆகணும். அதுல பைன் ஆயில் இருக்கு, தண்ணியில கரையாது, பொடிப்பொடித் துளியா பிரிஞ்சு நிக்கும், அதுல வெளிச்சம் பட்டுச் சிதறுறதுதான் அந்த வெள்ளை. கிருமியக் கொல்றது குளோரோக்சிலினால், 4.8%, அதுவும் ஃபீனால் வகையறாதான்.

கேள்வி: வீட்டுப் பூனைக்குக் கால்ல காயம், டி.சி.பி., டெட்டால் ரெண்டுல எதப் போடலாம்? (உசிலம்பட்டி)

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. ஃபீனால் வகைய முறிச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்கு ரொம்பக் கம்மி, அது வேற காயத்த நக்கிக்கிட்டே இருக்கும், மருந்து வயித்துக்குள்ள போயிரும். நல்ல தண்ணியில கழுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, பூனையும் பாப்பாங்க.