கிணறுகள் மதுரையில், லேயர் ஆப்பிரிக்கா வரை

கேள்வி: மதுரை மாவட்டக் கிணறுகளை போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவு டேட்டாபேஸில் ஏற்றி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பார்க்கிறேன். 'ஜூம் டு லேயர்' கொடுத்தால் ஆப்பிரிக்கா வரை விரிகிறது. கிணறுகள் ஒரு மூலையில் பொட்டாகிவிடுகின்றன. டேபிளில் தப்பான வரிகளை (ரோ) அழித்தும் மாறவில்லை. ஏன்?

பதில்: எக்ஸ்டென்ட், அதாவது லேயரின் எல்லாப் புள்ளிகளையும் அடைக்கும் பெட்டி, நான்கே எண்கள்: எக்ஸ், ஒய் இரண்டிலும் ஆகக் குறைந்தது, ஆகக் கூடியது. ஆயிரம் கிணறு ஒழுங்காக இருந்தாலும் வழிதவறிய ஒன்று போதும், பெட்டியை இழுத்துவிடும். ஆப்பிரிக்கா என்றதுமே எனக்கு 0,0 மேல்தான் சந்தேகம். காலியாக விட்ட கட்டம் ஏற்றும்போது 0 ஆகி, கினி வளைகுடாவில் போய் விழுந்திருக்கும்.

முதலில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் எஸ்டி_எக்ஸ்டென்ட் கட்டளையை ஓட்டுங்கள். அது எல்லா வரிகளையும் படித்துச் சொல்லும். 77, 9 (மதுரைப் பக்கத்துத் தீர்க்கம், அட்சம்) என்று தொடங்கினால் தரவு சுத்தம். 0 வந்தால் தப்பான வரி இன்னும் மிச்சமிருக்கிறது. குறைந்த எண் 9, கூடியது 78 என்று இரண்டு அச்சிலும் வந்தால் சில வரிகளில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. அவை நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகள் பக்கத்துக் கடலில் மிதக்கும். எஸ்டி_ஃப்ளிப்கோஆர்டினேட்ஸ் திருப்பிவிடும். அந்த வரிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

தரவு சுத்தம், ஆனாலும் படம் விரிகிறதா? அப்படியென்றால் க்யூஜிஐஎஸ் பழைய கணக்கைப் படிக்கிறது. இணைப்பு அமைப்பில் 'யூஸ் எஸ்டிமேட்டட் டேபிள் மெட்டாடேட்டா' டிக் ஆகியிருந்தால், அது வரிகளைப் படிக்காமல் டேட்டாபேஸின் தோராய மதிப்பை வாங்கிக்கொள்ளும். அந்தத் தோராய மதிப்பைப் புதுப்பிக்க அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஸ்பேஷியல் இன்டெக்ஸை (இடத்தை வைத்துத் தேட உதவும் அட்டவணை) ரீஇன்டெக்ஸ் செய்து புதிதாகக் கட்டுங்கள். வரியை அழித்ததால் மட்டும் இன்டெக்ஸில் உள்ள பெட்டி சுருங்காது. பிறகு லேயரை எடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சின்ன டேபிள்தானே, அந்த டிக்கையே எடுத்துவிடலாம் என்பேன்.

எண்கள் லட்சக்கணக்கில் வந்தால் கதை வேறு. அவை டிகிரி அல்ல, யூடிஎம் என்ற ஆயமுறையின் மீட்டர்கள். மேலே 4326 (டிகிரியில் அட்சம், தீர்க்கம் என்பதற்கான குறியெண்) என்று தப்பான லேபிள் ஒட்டியிருக்கிறது. இங்கே எஸ்டி_டிரான்ஸ்ஃபார்மைத் தொடாதீர்கள். அது தப்பான லேபிளை நம்பி எண்களையே மாற்றப் பார்க்கும். முதலில் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி கொண்டு சரியான லேபிளை, மதுரைக்கு பெரும்பாலும் 32644 (யூடிஎம் 44 வடக்கு மண்டலம்), ஒட்டுங்கள். அப்புறம் 4326 வேண்டுமென்றால் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்மால் மாற்றிக்கொள்ளலாம். நான் ஒருமுறை வரிசையை மாற்றிச் செய்து, பேக்கப்பிலிருந்து முழு டேபிளையும் மீட்க வேண்டியதாயிற்று.