பாதியில் நிற்கும் ஸ்வெட்டரும் ஒட்டாத மஞ்சளும்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். நாலைந்து வருடமாகப் பொழுதுபோக்காகப் பின்னுகிறேன். கணவருக்காகத் தொடங்கிய மெரூன் ஸ்வெட்டரில் இரண்டாவது கை முழங்கையோடு நிற்கிறது, நூல் தீர்ந்துவிட்டது. அதே கடையில் அதே கலர் நம்பர் வாங்கினாலும் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. வீட்டில் சாயம் போட்டு அதைச் சரிசெய்யலாமா? வெள்ளைக் காட்டன் நூலில் மஞ்சள்தூள் சாயம் போட்டு ஒரு ஷாலும் தொடங்கினேன். சோப்பில் அலசியதும் சிவந்து, பிறகு வெளுத்தே போய்விட்டது. பை நிறைய இப்படிப் பாதி வேலைகள். இனி எந்த நூல் வாங்குவது?

பதில்: முதலில் ஒரு தீப்பெட்டி எடுங்கள். அந்த மெரூன் நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி. உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பாக, நசுக்க முடியாத மணியாக நின்றால் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், எந்தச் சாயம் பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தீர்மானிப்பது நூலின் இழைதான். அக்ரிலிக்குக்குத் தனி வகைச் சாயம் வேண்டும். கிட்டத்தட்ட கொதிநிலையில், சூட்டை மெதுவாக ஏற்றி இறக்கிப் போட வேண்டும். அது சாயப்பட்டறை வேலை, அடுப்படி வேலை இல்லை. அதனால் அந்த ஸ்வெட்டரைச் சாயத்தால் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பின்னலால் காப்பாற்றலாம்.

நிறம் ஏன் மாறியது? கலர் நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு தொட்டியில் சாயம் ஏறும்போதும் ஷேடு கொஞ்சம் நகரும். அதற்காகத்தான் லேபிளில் கலர் நம்பருக்குப் பக்கத்தில் லாட் நம்பர் என்று இன்னொன்று அச்சடிக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒரே நிறம்.

இப்போது உங்கள் ஸ்வெட்டர். கீழ் ஓரம், கழுத்து, முடிந்த கையின் மணிக்கட்டு ஆகிய மூன்று இடத்திலும் ரிப், அதாவது இழுத்தால் விரியும் வரிவரியான ஓரப் பின்னல், இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்தால் உங்களிடம் இல்லாத அதே லாட் நூல் கணிசமாகக் கிடைக்கும். கழுத்து ரிப் கடைசியில் பின்னியது என்பதால் சுலபமாகப் பிரியும். கீழ் ஓரமும் மணிக்கட்டும் தொடக்கத்தில் போட்டவை; அந்தப் பக்கமிருந்து இழுத்தால் பிரியாது. ரிப்புக்கு மேலே முதல் வரிசையில் ஒரே ஒரு ஸ்டிச்சை வெட்டி, அந்த வரிசை நூலை இரண்டு பக்கமும் மெல்ல உருவுங்கள். ரிப் தனியாகக் கழன்று வரும், மேலே திறந்த கண்ணிகள் நிற்கும். உருவ உருவ அவற்றை ஒரு மெல்லிய ஊசியில் ஏற்றிக்கொண்டே போங்கள், அவசரப்பட வேண்டாம். பிறகு அங்கிருந்து கீழ்நோக்கிப் புது ரிப் பின்னுங்கள். பாதியில் நிற்கும் கையின் மணிக்கட்டையும் இதேபோல மாற்றுங்கள்.

புது ரிப்புக்கு மெரூனுக்குப் பக்கத்து நிறத்தைத் தேட வேண்டாம். சாம்பலோ கருநீலமோ, தெளிவாக வேறான நிறம் எடுங்கள். நெருங்கிய நிறம் பார்ப்பவருக்குத் தவறாகத் தெரியும். விலகிய நிறம் டிசைனாகத் தெரியும். இதன் பிறகும் தோள் பக்கம் நூல் போதாவிட்டால், புது லாட்டையும் பழைய லாட்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். ஷேடு வித்தியாசம் கலந்து மறைந்துவிடும். புது நூல்கண்டு வீணாகவில்லை, பாருங்கள்.

மஞ்சள் ஷாலுக்கு வருவோம். ஆரத்திக் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, சோப்பின் காரம் உங்கள் நூலில் செய்ததும் அதே வேலைதான். அது பரவாயில்லை, அலசினால் பழைய நிறம் திரும்பும். வெளுத்ததற்குக் காரணம் வேறு: மஞ்சள் வெயில் தாங்காத சாயம். படிகாரம் போட்டாலும் ஓரளவுதான் நிற்கும். துணிக்கு நான் மஞ்சளைச் சொல்லவே மாட்டேன்.

இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்றால் பருத்தியை முதலில் அதற்குத் தயார் செய்ய வேண்டும். 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த்தூளை வெந்நீரில் கரைத்து, நூலை ஓரிரு மணி நேரம் ஊறவிட்டுப் பிழியுங்கள். அப்புறம் 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் ஓர் இரவு போடுங்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கலம்காரித் துணிக்குக் காலங்காலமாகக் கடுக்காய் போடுவது இதற்காகத்தான். இரண்டும் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். சிவப்புக்கு அதே கடையில் மஞ்சிட்டி என்ற சாய வேரைக் கேளுங்கள். நூலின் எடைக்குச் சம எடை போட்டு, கொதிக்கவிடாமல் மிதமான சூட்டிலேயே வையுங்கள். கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும். மஞ்சள் நிறத்துக்குச் செண்டுமல்லிப் பூ அருமையாக வரும். ஆயுத பூஜை முடிந்து மாலைகளைக் கழற்றும்போது பூவை எடுத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

பளிச்சென்ற நிறம் வேண்டும், துவைத்தால் போகக்கூடாது என்றால் ரியாக்டிவ் சாயம்தான். பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் இந்தச் சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. திருப்பூர்ப் பனியன் இன்று நிறம் பெறுவதும் பெரும்பாலும் இந்த வகையில்தான். கடையில் பச்சைத் தண்ணீரிலேயே ஏறும் வகை எது என்று கேட்டு வாங்குங்கள். 100 கிராம் நூலுக்கு 2 லிட்டர் தண்ணீர், 2 கிராம் சாயம். லிட்டருக்கு 50 கிராம் உப்பு. நூலை நனைத்துப் போட்டு அரை மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். அப்புறம் நூலை வெளியே எடுத்துவிட்டு, லிட்டருக்கு 15 கிராம் சலவை சோடாவைத் தனியாகக் கரைத்துச் சேர்த்து, மறுபடி நூலை இறக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஆப்ப சோடா போட்டுவிடுவார்கள். இந்த வேலைக்கு அதன் காரம் போதாது; சலவை சோடாவே வேண்டும். கடைசியில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு போட்ட வெந்நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஒட்டாமல் தங்கிய சாயம் இந்த வெந்நீரில்தான் வெளியேறும்.

இன்னொன்று, தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலை இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் நிறம் மங்கும், திட்டுத் திட்டாகவும் ஏறும். அப்படியானால் சாயத் தொட்டிக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

நூலை உருண்டையாகப் போடாதீர்கள். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக எடுத்து, நாலு இடத்தில் எட்டு வடிவில், தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் நுழையாமல் வெள்ளைப் பட்டை விழும்.

நிஜக் கம்பளி கையில் கிடைத்தால் வீட்டுச் சாயத்துக்கு அதைவிடச் சுகமான நூல் இல்லை. கேசரிக்குப் போடுகிற கலர் பொடியே போதும். அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் அமிலத்தில் கம்பளியைப் பற்றிக்கொள்ளும் வகைச் சாயங்கள். உணவில் செயற்கை நிறம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கம்பளி நூலை அமிலக் கரைசலில் போட்டுச் சூடாக்கிச் சோதிப்பது பழைய முறை. 100 கிராம் கம்பளிக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, மெதுவாகச் சூடேற்றி, கொதி வருவதற்குச் சற்று முன் நிறுத்தி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் நிறமிழந்து தெளியும். சாயம் முழுக்க நூலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். சூடான கம்பளியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாலோ கசக்கினாலோ திரண்டு கட்டியாகிவிடும். உணவுக் கலர் தவிர வேறு எந்தச் சாயத்துக்கும் சமையல் பாத்திரம் கூடாது. பொடியை அளக்கும்போது மாஸ்க் போடுங்கள்.

நூல் வாங்கும் கேள்விக்கு என் பதில், இந்த மாதம் வாங்காதீர்கள். பையில் இருப்பதைக் கொட்டி, ஒவ்வொன்றையும் கொளுத்திப் பார்த்து இழை வாரியாகப் பிரியுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் ஊசி நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். எந்த வேலையை இன்றும் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறீர்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துவிடுங்கள். பிரித்த பருத்தியையும் கம்பளியையும் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். அக்ரிலிக்குக்கு மட்டும் ஆவி காட்டாதீர்கள். அதன் துள்ளல் செத்துத் துவண்டுவிடும்.

அப்புறம் வாங்கும்போது, கோவை வெயிலுக்குப் பருத்தி எடுங்கள். திருப்பூரும் ஈரோடும் பக்கத்தில் இருக்கும்போது சிறு சிறு உருண்டையாக வாங்குவது வீண் செலவு. கோன் நூலாக எடை போட்டு வாங்கிப் பல இழை சேர்த்துப் பின்னலாம். கோன் நூலின் பருமனை நம்பரால் சொல்வார்கள்; நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 10ஆம் நம்பர் ஒற்றை நூல் 100 கிராமில் ஏறக்குறைய 1,690 மீட்டர் இருக்கும். எட்டு இழை சேர்த்தால் 100 கிராமுக்கு 210 மீட்டர், 4 மி.மீ. ஊசிக்குச் சரியான பருமன். வெளுக்காத நூலில் மெழுகு இருக்கும். சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள், தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். அந்த மெழுகு போகாமல் எந்தச் சாயமும் சீராக ஏறாது. முழு வேலைக்கும் வேண்டிய நூலை ஒரே நாளில், ஒரே தொட்டியில் முக்குங்கள். உங்கள் வீட்டிலும் இரண்டாவது தொட்டி என்றால் இரண்டாவது லாட்தான்.

சாயத் தண்ணீரை மட்டும் செடிக்கோ வாய்க்காலுக்கோ ஊற்றாதீர்கள், அதில் உப்பும் சோடாவும் இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்காக 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையே மூடச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். இல்லாவிட்டால் அகலமான பழைய தட்டுகளில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் காயவிட்டு, மிஞ்சும் உப்பைச் சுரண்டிக் குப்பையில் சேருங்கள்.