அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? – உப்புவெளித் தம்பிக்கு

தம்பி, அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, "பரம்பரையில் இருந்தால் சாப்பாட்டை மாத்தி என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருந்தீர்கள். பிரயோசனம் இருக்கிறது. மரபணுவின் எழுத்து மாறாது. ஆனால் எது வேலை செய்யும், எது அடங்கியிருக்கும் என்பதில் சாப்பாட்டுக்கும் பங்குண்டு. குரக்கன் பிட்டு, கௌப்பி, கீரையிலுள்ள நார் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தரும். குடற்சுவர்க் கலங்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் பிடியைத் தளர்த்தி, கட்டுமீறிப் பெருகும் கலத்தை நிறுத்தும் மரபணுக்களையும் அது எழுப்பிவிடும். இது ஆய்வுகூடக் கலங்களில் கண்டது, மனிதரில் இவ்வளவு நேர்க்கோடு இல்லை.

திருகோணமலையில் மீனுக்கா பஞ்சம்? பிறகேன் தினமும் சொசேஜ்? பதப்படுத்திய இறைச்சி நாளுக்கு 50 கிராம் என்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சொன்னது.

சரி, சாப்பாட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அப்பாவின் வயதில் 10 கழித்து, 38இலேயே கொலனோஸ்கோபி (குழாய்க் கமராவால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்யவேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் அதுவரைகூடப் பொறுக்கவேண்டாம்.