தாத்தாவின் கூப்பன்களும் அம்மாவின் கட்டங்களும்

அன்புள்ள ஐயா,

வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பன்கள் கிடைத்தன. எல்லாம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தவை. பல கட்டங்களில் பென்சிலால் இரண்டு எழுத்துகள் எழுதி ஒன்றை அடித்திருக்கிறார். அவர் இதில் நிறையப் பணம் விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டி அதைச் சூதாட்டம் என்றுதான் கடைசிவரை சொன்னார். ஆனால் என் அம்மா எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததே ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை வைத்துத்தான். அம்மா செய்ததும் தாத்தா செய்ததும் ஒன்றா? பாட்டி சொன்னது சரியா? இந்தக் கூப்பன்களை என்ன செய்வது?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பாட்டி சொன்னது சரி. உங்கள் அம்மா செய்ததும் சரி. பெயர் ஒன்றாக இருந்ததே தவிர அவை இரண்டும் வேறு வேறு.

தாத்தா காலத்துப் பரிசுப் போட்டியில் கட்டங்கள் பெரும்பாலும் நிரப்பியே வரும். அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் காலியாக இருக்கும். உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன். ‘விவசாயிக்கு இது இருந்தால் கவலையில்லை’ என்று குறிப்பு. கட்டத்தில் முதல் எழுத்து இல்லை, அடுத்தது ‘டு’. வீடா, மாடா, காடா? மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். விடையோ ஏற்கெனவே முத்திரை வைத்த உறைக்குள் இருக்கும். எத்தனை அகராதி புரட்டினாலும் அந்த உறைக்குள் இருப்பது தெரியப்போவதில்லை. தாத்தா இரண்டு எழுத்தை எழுதி ஒன்றை அடித்தது தமிழ் தெரியாமல் இல்லை. இரண்டுமே பொருந்தும் என்று தெரிந்த அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

பணம் எப்படிப் போனது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படி இரண்டு விடை பொருந்தும் இடம் ஒரு போட்டியில் பத்து இருந்தால், எல்லா வகையிலும் நிரப்பி அனுப்ப 1024 கூப்பன் வேண்டும். ஒரு கூப்பனுக்கு நுழைவுக் கட்டணம் நாலணா, அதாவது கால் ரூபாய் என்று வைத்தாலும் 256 ரூபாய். அந்த நாளில் அது ஒரு குடும்பத்தின் சில மாதச் செலவு. அவ்வளவு யாராலும் முடியாது. அதனால் நாலு, எட்டு, பதினாறு என்று அனுப்புவார்கள். முடிவு வரும்போது ஒரே ஒரு தப்பில் பரிசு போயிருக்கும். அந்த ஒரு தப்புதான் மனிதனை அடுத்த வாரமும் உட்கார வைத்தது. உங்கள் பாட்டி பார்த்தது அதைத்தான்.

அரசாங்கமும் பாட்டி பக்கம்தான் நின்றது. சென்னை உள்ளிட்ட சில மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1955ல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டி கூடாது. அதற்குள் என்றாலும் உரிமம் வாங்க வேண்டும், வரும் விடைத்தாள்கள் 2000ஐத் தாண்டக் கூடாது. பெங்களூரிலிருந்து வார இதழ் நடத்தி இந்தப் போட்டிகளை வைத்தவர்கள் வழக்காடினார்கள். 1957ல் உச்ச நீதிமன்றம், திறமை பெரும்பங்கு வகிக்கும் போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, குருட்டு யோகத்தை நம்பியவற்றுக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் ரிக் வேதத்தின் சூதாடி பாடலையும் பாரதச் சூதையும்கூட எடுத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் பாட்டியும் தர்மர் கதையைச் சொல்லித் திட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது அம்மாவுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குப் பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு ஞாயிறு பேப்பர். கட்டணம் கிடையாது. கூப்பனை வெட்டி, சோற்றுப் பருக்கையால் 15 பைசா தபால் கார்டில் ஒட்டி அனுப்பினால் போதும். வெட்டினால் பின்பக்கத்துக் கதை போய்விடும் என்பதால், நாலு வீடும் படித்து முடித்த பிறகுதான் கத்தரிக்கோல் வரும். என் பெரியம்மா ஐந்தாவது வரை படித்தவர். கதாகாலட்சேபம் கேட்டே புராணப் பெயர் எல்லாம் அத்துப்படி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

தமிழ்க் குறுக்கெழுத்துக்கென்றே ஓர் அழகு உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமா? வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சொற்கள் ஓடும். சீதா ‘தாசீ’ என்று ஏறி வருவாள். ஒரு கட்டத்தில் ஒரு முழு எழுத்து, கால் கொம்பு எல்லாம் சேர்த்து. ‘வீட்டில் ஒரு பகுதி’ என்பதற்குப் பெரியம்மா ‘அரை’ என்றார். எனக்கும் ர, ற குழப்பம்தான், அப்படியே எழுதினேன். மேலிருந்து இறங்கிய ‘பறை’ அதே கட்டத்தில் வந்து இடித்தது. அன்றைக்கு ‘அறை’ எனக்குப் படிந்தது, இன்றுவரை தப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை இம்போசிஷன் எழுதியும் வராதது அது. தப்பு எங்கே என்று கட்டமே காட்டிக் கொடுக்கும். வீடா மாடா போட்டியில் அது நடக்காது. இந்த வித்தியாசத்தைத்தான் நீதிமன்றமும் தன் பாஷையில் சொன்னது என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு முறை குலுக்கலில் பரிசு விழுந்தது. மணியார்டரில் எவ்வளவு வந்தது என்பது மறந்துவிட்டது. அவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் அச்சில் வந்த அந்தத் துண்டு, சாமி படத்துக்குப் பின்னால் பல வருஷம் இருந்தது.

அப்புறம், கூப்பன்கள். தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட காகிதங்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் சேகரிப்பிலிருந்து உருவான நூலகம் சென்னையில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். சுத்தம் செய்கிறேன் என்று பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிட வேண்டாம். தாத்தா எந்த எழுத்தை அடித்தார், எதை விட்டுவைத்தார் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது.