பர்கரில் குத்திய ஊசி – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் கோவையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஃபைனல் ப்ராஜெக்டுக்காக ஃபாஸ்ட் ஃபுட்டை விமர்சிக்கும் கான்செப்ட் போட்டோகிராஃபி தொடர் ஒன்று செய்யப்போகிறேன். மொத்தம் பன்னிரண்டு படங்கள். பர்கரில் ஊசி குத்தியிருப்பது, சிகரெட் பெட்டிக்குள் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், பீட்சா பெட்டி சவப்பெட்டியாக மாறுவது, ஒரு மாதம் வைத்தும் அழுகாத பர்கர் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எங்கள் மேடம், "ஐடியா ஓகே, ஆனா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்கிறார். நீங்கள் விளம்பரப் படங்களில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். எதை மாற்றலாம்?

பி.கு.: சிரிக்காதீர்கள். நானே வாரத்தில் நான்கு நாள் ஹாஸ்டலுக்கு எதிரில் நிற்கும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில்தான் சாப்பிடுகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அங்கே வேறு எதுவும் கிடைக்காது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் மேடம் சொன்னது சரிதான். ஊசியும் சிகரெட் பெட்டியும் சவப்பெட்டியும் புகையிலை எதிர்ப்புச் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவை. பார்த்த நொடியில் புரிந்துவிடும், புரிந்ததும் ஆள் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். அந்த மூன்றையும் விட்டுவிடலாம். அழுகாத பர்கரைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதில் நிஜமாகவே ஒரு கதை இருக்கிறது.

2010 ஏப்ரலில் நியூயார்க் கலைஞர் சாலி டேவிஸ் ஒரு மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீல் (பர்கரும் ஃப்ரைஸும் சேர்ந்த குழந்தைகள் சாப்பாடு) வாங்கி, வீட்டில் ஒரு தட்டில் வைத்து, நாள் கணக்கைக் குறித்தபடி படமெடுக்க ஆரம்பித்தார். எந்த பர்கரும் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் என்று சொன்ன நண்பரோடு ஏற்பட்ட வாதம்தான் தொடக்கம். மாதங்கள் போயின. பர்கர் கொஞ்சம் சுருங்கியது, பளபளப்பு கூடியது, பூஞ்சை பிடிக்கவே இல்லை. படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பார்த்தவர்கள் எல்லோரும் 'அய்யோ, எவ்வளவு கெமிக்கல்!' என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதே ஆண்டு கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்ற சமையல் எழுத்தாளர் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார். கடை பர்கரின் பக்கத்திலேயே, அதே அளவில் வெறும் மாட்டிறைச்சியால் தானே செய்த பர்கரையும் வைத்தார். அதுவும் அழுகவில்லை. ஆனால் அதே கடையின் கனமான குவார்ட்டர் பவுண்டர் பர்கரில் பூஞ்சை பிடித்தது. காரணம் ஈரம். மெல்லிய இறைச்சி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, காய்ந்ததில் பூஞ்சை வளராது. மொட்டைமாடியில் மோர் மிளகாய் காயவைக்கும் நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்.

கதை அதோடும் முடியவில்லை. 2020இல் பர்கர் கிங் நிறுவனம் தன் வாப்பர் பர்கர் 34 நாளில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை பூப்பதைப் படமெடுத்து, அதையே விளம்பரமாக வெளியிட்டது. செயற்கைப் பதப்படுத்திகள் இல்லை என்று பெருமை வேறு. அழுகாவிட்டால் விஷம், அழுகினால் விளம்பரம். இந்தக் குறியீட்டை நீங்கள் மூன்றாவது ஆளாகக் கையிலெடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள்?

டேவிஸின் படங்களை நான் குறை சொல்லவில்லை. மேசை மேல் தினம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொருளின் பிடிவாதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் படம் காட்டியது காய்தலை. பார்த்தவர்கள் படித்துக்கொண்டது ரசாயனத்தை. நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை உணவுப் படம் எடுப்பவன் எப்போதும் கவனிக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நானே அந்த இடைவெளியில் சம்பாதித்தவன். ஒரு ஹோட்டலின் மெனு கார்டுக்காக நாங்கள் எடுத்த பிரியாணிக் கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. மேலே இரண்டு கரண்டி சோறுதான், பார்த்தால் மலை. அமெரிக்காவில் காம்ப்பெல் சூப் விளம்பரத்தில் காய்கறிகள் மேலே தெரிய வேண்டும் என்று கிண்ணத்துக்குள் அடியில் கண்ணாடி கோலிக்குண்டு போட்டார்கள். 1970 வாக்கில் அரசு வர்த்தக ஆணையம் தலையிட்டு அதை நிறுத்தவைத்தது. எங்கள் கிண்ணத்துக்கு எந்த ஆணையமும் வரவில்லை.

விற்பவன் ஏமாற்றுவது இருக்கட்டும், எதிர்ப்பவனும் வழுக்கி விழுவான். 2012இல் நியூயார்க் நகர சுகாதாரத் துறை பெரிய பெரிய குளிர்பானக் கோப்பைகளுக்கு எதிராக ஒரு சுவரொட்டி போட்டது. சர்க்கரை நோயால் கால் இழந்த ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு நடிகர், கால் நன்றாகத்தான் இருந்தது, கணினியில் அழித்திருக்கிறார்கள் என்பது பிறகு செய்தியானது. சொல்ல வந்த விஷயம் உண்மை. சர்க்கரை நோய் கால்களை எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் பிறகு எல்லோரும் பேசியது அழித்த காலைப் பற்றி.

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்குப் பிடித்தது உங்கள் பின்குறிப்புதான். பன்னிரண்டு படங்களின் பட்டியலில் ஒன்றில்கூட நீங்கள் இல்லை, கோவை இல்லை. பர்கர் யாரோ ஒருவரின் கோபத்திலிருந்து இரவல் வாங்கியது. நம் ஊரில் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று போர்டு எழுதியிருந்தால் அது பர்கர் கடை இல்லையே! சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிற்கும் வண்டி. இரும்புச் சட்டி, சீறும் கேஸ் அடுப்பு, எக் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். அதற்குப் பின்னால் பெரிய நிறுவனமும் இல்லை, ஒரு மாஸ்டரும் உதவிக்கு ஒரு பையனும் மட்டும். அந்த வண்டியை விமர்சிப்பது பர்கரை விமர்சிப்பதைவிடக் கஷ்டம். எண்ணெய் எத்தனையாவது முறை கொதிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்தான். ஆனால் ஒன்பது மணிக்குப் பசிக்கிற பையனுக்கு அந்தத் தெருவில் வேறு யார் சோறு போடுகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார். ஹாஸ்டல் மெஸ் எத்தனை மணிக்கு மூடுகிறது? அந்தப் பூட்டிய கதவு உங்கள் தொடரில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பீட்டர் மென்ஸலும் ஃபெய்த் டி அலூசியோவும் 2005இல் வெளியிட்ட 'ஹங்ரி பிளானட்' (Hungry Planet) என்ற புகைப்பட நூல் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 24 நாடுகளில் 30 குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் ஒரு வாரம் சாப்பிடும் மொத்த உணவோடு உட்காரவைத்து எடுத்த படங்கள். ஊசி இல்லை, மண்டையோடு இல்லை. பரப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த மேசையில் எத்தனை பாட்டில், எத்தனை பாக்கெட் என்று நாமே எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். நீங்கள் ஒரு மாதம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். பார்சல் கவர், சில்வர் ஃபாயில், ரப்பர் பேண்ட் போட்ட சாஸ் பாக்கெட், ஜிபேயில் காசு போன நேரம், எல்லாவற்றையும் தேதி போட்டு வையுங்கள். கழுவி வையுங்கள், ரூம்மேட் பாவம். மாதக் கடைசியில் ஹாஸ்டல் கட்டிலில் பரப்பி, மேலிருந்து ஒரே ஒரு படம். கட்டில் முழுசும் படத்துக்குள் தெரியட்டும்.

வண்டியில் எடுக்கும்போது நிறத்தில் கவனம். கோபியின் சிவப்பு எல்லோரையும் இழுக்கும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள், அடுத்த மாதம் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றார்கள். அதனால் சிவப்பைப் பார்த்ததும் கை துடிக்கும். ஆனால் அது எந்தச் சிவப்பு என்பதை ஆய்வகம்தான் சொல்லும், கேமரா சொல்லாது. மாஸ்டர் கலர் பொடி போடுகிறார் என்று காட்டுவதற்காக நீங்கள் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் கலர் பொடி போடாதீர்கள். வண்டியின் எல்இடி வெளிச்சத்துக்கு கேமராவின் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஒருமுறை கையால் அமைத்துவிட்டு, மாதம் முழுக்க அதைத் தொடாதீர்கள். லென்ஸும் ஒன்றே போதும், 35 அல்லது 50 மி.மீ.

அப்புறம், மாஸ்டரிடம் முதலில் பேசுங்கள். வாரத்தில் நான்கு நாள் வரும் பையனை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள், முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள். சட்டியைத் தூக்கிப்போடும் அந்த மணிக்கட்டுக்கு ஒரு நாளில் எத்தனை பிளேட் கணக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படங்களை மேடத்துக்குக் காட்டும் முன் அவருக்குக் காட்டுங்கள். அவர் திட்டினால் அதையும் எனக்கு எழுதுங்கள்.