பூசி மெழுகாதே, தம்பி

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். சிமெண்டில் 30 சதவீதத்தைக் குறைத்து, அதற்குப் பதில் ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரித்த சாம்பல்) போட்டு எம்25 வலிமைக் கான்கிரீட் செய்து சோதிப்பது எங்கள் ப்ராஜெக்ட். ரிப்போர்ட்டை கைடு இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்ன சொல்ல வர்றேன்னே புரியல" என்கிறார். கூடப் படிப்பவர்கள் இங்கிலீஷ் மீடியம், சமாளித்துவிடுகிறார்கள். வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. அப்பா கொத்தனார். என்ன ப்ராஜெக்ட் என்று அவரும் ஒருநாள் கேட்டார். சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன். டெக்னிக்கல் இங்கிலீஷை வளர்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள். நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: தம்பி, இங்கிலீஷுக்கு வழி கேட்டு மாதம் நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. உன் கடிதத்தில் அதைத் தாண்டி ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். "வீட்டில் கேட்க ஆள் இல்லை. அப்பா கொத்தனார்." இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? ப்ராஜெக்ட் கான்கிரீட்டைப் பற்றி. வீட்டில் இருப்பவர் ஆயுசெல்லாம் கான்கிரீட் போட்டவர். கேட்க ஆள் இல்லையாம்!

புரியாது என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அவர் தினமும் பிரிக்கிற பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? இந்தியத் தர விதி ஐஎஸ் 1489 கணக்குப்படி அதில் 15-லிருந்து 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம். நீ லேபில் தட்டில் நிறுத்துப் போட்ட அதே சாம்பலை அவர் மூட்டை மூட்டையாகக் குழைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கூலியில்தான் உன் ஃபீஸ் கட்டியாகிறது. நன்றிப் பக்கத்தில் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், லேப் உதவியாளர் என்று வரிசையாக வணங்கிவிட்டு, கடைசி வரியில் "பெற்றோருக்கும்" என்று போட்டிருக்கிறாய். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த நன்றி யாருக்கு?

சரி, அப்பா கேட்டபோது நீ சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் கேள்வியே "எந்த சிமெண்டுடா?" என்றுதான் வந்திருக்கும். உன் நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை தேடிவிட்டேன். ஓபிசி என்கிற சாம்பல் கலக்காத சிமெண்டா, பிபிசியா, 43 கிரேடா, 53 கிரேடா, எங்குமே இல்லை. பிபிசி என்றால் அதில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. அதற்கு மேல் நீ 30 சதவீதம் மாற்றினால் மொத்தக் கணக்கே வேறு. இதைச் சொல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கைடு என்ன செய்வார்? அடுத்து, "தண்ணி எவ்வளவு ஊத்தின?" என்பார். அதுதான் உன் நீர்-சிமெண்ட் விகிதம். நீ அதை எழுதியிருக்கிறாய், ஆனால் மூன்றாம் பக்கத்தில், ஒரு அடைப்புக்குறிக்குள். அப்புறம் கேட்பார்: "இது மெதுவா செட்டாகுமே, சென்ட்ரிங் பலகை எப்போ பிரிக்கிறது?"

இந்தக் கடைசிக் கேள்விதான் உன் ப்ராஜெக்ட்டே. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது வெளிவருகிற சுண்ணாம்போடு சேர்ந்துதான் சாம்பல் இறுகும். அதனால் ஏழாம் நாள் வலிமை குறைவாக இருக்கும், நாள் போகப் போகத்தான் ஏறும். உன் அட்டவணையில் ஏழாம் நாள் எண்கள் சரிந்து கிடக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. முதல் பக்கம் முழுக்க, "உலகில் அதிகம் பயன்படும் கட்டுமானப் பொருள் கான்கிரீட்" என்று தொடங்கி யாரோ எழுதியதை இறக்கிவைத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு.

இங்கிலீஷ் தப்பு என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்று. ஃப்ளை ஆஷை எடுத்துவிட்டு சிமெண்டைப் போட்டதாக அர்த்தம் வரும்படி வாக்கியத்தைத் தலைகீழாக எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணலாம்.

இனி வருவதுதான் எனக்கு வருத்தம். நாலாம் பக்கத்தில் 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த மூன்று கான்கிரீட் கியூபுகளின் வலிமை எண்கள்: சதுர மி.மீட்டருக்கு 27.1, 26.4, 19.6 நியூட்டன். கீழே, "சராசரி வலிமை 26.75, திருப்திகரமாக உள்ளது." மூன்றையும் கூட்டி வகுத்தால் 24.4 வருகிறது. 26.75 எங்கிருந்து வந்தது? முதல் இரண்டுக்கு மட்டும் சராசரி போட்டுவிட்டு மூன்றாவதைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டியிருக்கிறாய். ஐஎஸ் 456 என்ன சொல்கிறது? மூன்றில் எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அந்த சாம்பிள் முடிவே செல்லாது. 24.4-க்குக் கீழ் எல்லை 20.7. உன்னுடையது 19.6. ஆக உன் கையில் செல்லுபடியாகும் 28-ஆம் நாள் முடிவே இல்லை. அதைச் சொல்லாமல் "திருப்திகரம்" என்று பூசி மெழுகினால் புரியாமல்தான் போகும். கைடுக்குப் புரியாதது உன் இங்கிலீஷ் இல்லை.

சென்ட்ரிங் பிரித்ததும் தூணில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், இன்ஜினியர் வருவதற்குள் கலவையை அப்பி மறைக்கிற ஆட்கள் உண்டு. முப்பது வருடம் சைட் சைட்டாக அலைந்தவள் நான், பார்த்திருக்கிறேன். ஒரு சூப்பர்வைசர் எனக்கு, "ஒரு பகுதியில் கான்கிரீட் சற்றுத் திருப்தியில்லை" என்று ரிப்போர்ட் அனுப்பினார். எந்தப் பகுதி, எவ்வளவு, ஒன்றும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் மாடிப்படி பீம். அதற்குள் பூச்சு வேலை முடிந்திருந்தது. அதை உடைக்கச் சொன்னது நான்தான். மேஸ்திரி என் முகத்தையே பார்க்கவில்லை.

உன் ரிப்போர்ட்டில் அந்த 19.6-ஐ நடுவில் கொண்டுவந்து வை. 22,500 சதுர மி.மீ. பரப்பில் 441 கிலோநியூட்டனில் உடைந்தது என்று எழுது. எந்தத் தேதியில் போட்டது, யார் போட்டது, தண்ணீர்த் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது, எல்லாவற்றையும் எழுது. 15 செ.மீ. கியூபுக்கு ஒவ்வொரு அடுக்குக்கும் கம்பியால் குறைந்தது 35 குத்து என்பது விதி. அந்தக் கியூபுக்கு அத்தனை விழுந்ததா, இல்லை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? நினைவில்லை என்றால், குறித்துவைக்கவில்லை என்று எழுது. நாள் இருந்தால் புதிதாக மூன்று போட்டு மறுபடி உடை. இல்லையென்றால், முடிவு செல்லாது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று முடி. மார்க் குறைந்தால் குறையட்டும்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. உடைத்த கியூபுகளை லேபுக்குப் பின்னால்தான் கொட்டியிருப்பார்கள், போய்த் தேடு. அந்த மூன்றாவதின் துண்டு கிடைத்தால் ஊருக்கு எடுத்துப் போ. ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் கையில் கொடு. அன்றைக்கு அவர் கேட்டாரே, அதற்கு உன் ஊர்த் தமிழிலேயே பதில் சொல்லு, போனையும் பேப்பரையும் எடுக்காமல். ஜல்லியே உடைந்திருக்கிறதா, ஜல்லியை விட்டுக் கலவை கழன்றிருக்கிறதா, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்.